பலகாரச் சட்டி எண்ணெயை வேனில் ஊற்றலாமா? – வாசகர் கேள்வி பதில்

இந்த மாதம் வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் கேம்பர் வேன் பற்றித்தான். வேனுக்குள் படுக்கை போட்டுக்கொண்டு ஊட்டி, வால்பாறை, கொல்லிமலை என்று கிளம்புகிறவர்கள் நம் பக்கம் அதிகமாகிவிட்டார்கள் போல. ஒரே மாதிரி கேட்டிருந்தவற்றைச் சேர்த்துவிட்டு, மீதிக்குப் பதில் எழுதியிருக்கிறேன்.

அண்ணா, பெருந்துறையில் பலகாரக் கடை வைத்திருக்கிறேன். போன வருடம் புது டீசல் வேன் எடுத்து, கரூரில் படுக்கை, சின்ன அடுப்படி எல்லாம் வைத்துக் கட்டினோம். கடையில் வாராவாரம் பொரித்த பாமாயில் மிஞ்சுகிறது. அதில் பயோடீசல் காய்ச்சி வேனுக்கு ஊற்றினால் செலவு மிச்சம் என்கிறார் மச்சான். வண்டி இன்னும் வாரண்டியில் இருக்கிறது. செய்யலாங்களா?
– வாசகர், பெருந்துறை

வேண்டாம் தம்பி. வாரண்டி முடிகிற வரைக்குமாவது வேண்டாம். என்னைக் கேட்டால், பி.எஸ்.6 (2020-இல் வந்த புகைக் கட்டுப்பாட்டு விதி) வண்டிக்கு அதற்கப்புறமும் வேண்டாம். ஆனால் மச்சானைத் திட்டிவிடாதீர்கள், அவர் சொன்னதில் பாதி சரிதான். 1900-இல் பாரிஸ் கண்காட்சியில் கடலை எண்ணெயிலேயே ஒரு டீசல் இன்ஜினை ஓட்டிக் காட்டினார்கள். முறையாகச் செய்த பயோடீசல் நல்ல எரிபொருள், பம்புக்கு வழவழப்பும் கொடுக்கும், லிட்டருக்குச் சக்தி மட்டும் டீசலைவிட கிட்டத்தட்ட 8 சதவீதம் குறையும்.

சிக்கல் இரண்டு இடத்தில் இருக்கிறது. முதலாவது, காய்ச்சுவது. எண்ணெயோடு மெத்தனாலும் காஸ்டிக் சோடாவும் சேர்த்து, அடியில் இறங்கும் கிளிசரினைப் பிரித்து, மேலே நிற்பதைக் கழுவி, தண்ணீர்ச் சொட்டு இல்லாமல் காயவைத்தால்தான் அது பயோடீசல். புது எண்ணெயில் செய்தால் ஓரளவு ஒழுங்காக வரும். நாலு ஈடு முறுக்கும் மிக்சரும் பொரித்த எண்ணெயில் அமிலம் ஏறியிருக்கும், அது காஸ்டிக்கோடு சேர்ந்து சோப்பாகிவிடும். சோப்பைச் சரியாகக் கழுவவில்லை என்றால் சோடியம் உள்ளேயே தங்கும். பயோடீசலுக்கான இந்தியத் தரமான ஐ.எஸ். 15607, சோடியமும் பொட்டாசியமும் சேர்ந்து கிலோவுக்கு 5 மில்லிகிராமுக்கு மேல் இருக்கக் கூடாது என்கிறது. இதை வீட்டு டிரம்மில் எப்படி அளப்பீர்கள்? அந்தச் சோடியம் எரிந்தால் சாம்பல். கரியை எரித்து விடலாம், சாம்பலை எரிக்க முடியாது, அது சைலன்சர் பக்கத்தில் புகைக்கரியைப் பிடிக்கிற டி.பி.எஃப். வடிகட்டியில் போய் உட்கார்ந்துகொள்ளும்.

இரண்டாவது, உங்கள் இன்ஜின். வேன் டயரில் நீங்கள் அடிக்கும் காற்று நாலைந்து பார். உங்கள் வேனில் இருப்பது போன்ற காமன் ரெயில் இன்ஜினில் (எல்லா இன்ஜெக்டருக்கும் ஒரே அழுத்தக் குழாயிலிருந்து டீசல் போகிற வகை) டீசல் 1,600 பார் அழுத்தத்துக்கும் மேலே போய் இன்ஜெக்டரில் தெளிக்கிறது. உள்ளே நகரும் பாகங்களுக்கு இடைவெளி ஒருசில மைக்ரான்தான், தண்ணீரோ சோப்போ அதில் போனால் அவ்வளவுதான். அப்புறம் இந்த டி.பி.எஃப். நிறைந்ததும் வண்டி தானே கொஞ்சம் கூடுதல் டீசலைத் தாமதமாகத் தெளித்து, வடிகட்டியை 600 டிகிரி வரைக்கும் சூடேற்றிக் கரியை எரிக்கும். அப்போது எரியாத கொஞ்சம் எரிபொருள் சிலிண்டர் சுவர் வழியாக இன்ஜின் ஆயிலுக்குள் இறங்கும். டீசலாக இருந்தால் ஆயில் சூட்டில் ஆவியாகிப் போய்விடும், பயோடீசல் கொதிநிலை அதிகம் என்பதால் அங்கேயே தங்கி ஆயிலை நீர்க்க வைக்கும். ஆயில் அளவு பார்க்கும் டிப் ஸ்டிக்கில் ஆயில் குறைவதற்குப் பதிலாக ஏறிக்கொண்டே வந்தால் அதுதான் நடக்கிறது என்று அர்த்தம்.

நீங்கள் ஊட்டிப் பிரியர் என்று கடிதத்தில் எழுதியிருந்தீர்கள். பாமாயிலில் செய்த பயோடீசல் 15 டிகிரி சுற்றிலேயே மங்கி, மெழுகு மாதிரி உறைய ஆரம்பிக்கும். பெருந்துறையில் டிசம்பரில்கூடத் தெரியாது. குன்னூர் தாண்டி ஒரு ராத்திரி நிறுத்திவிட்டுக் காலையில் சாவியைத் திருப்பிப் பாருங்கள், தெரியும்.

இதெல்லாம் போக மெத்தனால். தமிழ்நாட்டில் மெத்தனால் வாங்கவும் வைத்திருக்கவும் உரிமம் வேண்டும். 2024 கள்ளக்குறிச்சி விஷச்சாராயச் சாவுகளுக்குப் பிறகு கொல்லைப்புறத்தில் மெத்தனால் கேன் வைத்துக்கொண்டு "பயோடீசலுக்குங்க" என்று போலீசிடம் விளக்கம் சொல்கிற நிலைமை உங்களுக்கு எதற்கு?

எண்ணெயை விற்றுவிடுங்கள். உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2018-இல் ரூக்கோ என்ற திட்டம் கொண்டுவந்திருக்கிறது, பொரித்த எண்ணெயை அங்கீகாரம் பெற்றவர்கள் காசு கொடுத்து வாங்கிப் பயோடீசல் ஆலைக்கு அனுப்புவார்கள். பொரிக்க நாளைக்கு 50 லிட்டருக்கு மேல் எண்ணெய் செலவாகும் கடை என்றால், பழைய எண்ணெய் எங்கே போகிறது என்று பதிவேடு வைப்பது கட்டாயமும்கூட. அந்தக் காசில் டீசல் போட்டுக்கொள்ளுங்கள்.

வாரண்டி பற்றிக் கேட்டீர்கள். பங்க் டீசலிலேயே 7 சதவீதம் வரை பயோடீசல் கலக்க டீசலுக்கான ஐ.எஸ். 1460 தரம் இடம் கொடுக்கிறது, அதனால் எந்த சர்வீஸ் சென்டரும் உங்களைக் குற்றம் சொல்ல முடியாது. அதற்கு மேல் எவ்வளவு என்பதை ஓனர் மேனுவலில் எரிபொருள் பக்கத்தில் பாருங்கள், அங்கே அச்சிட்டிருப்பதுதான் கணக்கு. ஷோரூம் பையன் வாயால் சொன்னது கணக்கில்லை.

மகளும் மருமகனும் அமெரிக்காவில் மின்னியாபொலிஸ் பக்கம் இருக்கிறார்கள். பழைய மெர்சிடிஸ் ஸ்ப்ரிண்டர் கேம்பர் வேன் ஒன்று வாங்கப் போகிறார்கள். அங்கே பங்கில் பி20 என்று போட்டிருக்கிறதாம், வேனின் புத்தகத்தில் பி5-க்கு மேல் வேண்டாம் என்று இருக்கிறதாம். எங்களைக் கேட்கிறார்கள், நாங்கள் உங்களைக் கேட்கிறோம்.
– ஓய்வுபெற்ற ஆசிரியர், ஈரோடு

ஐயா, அவர்கள் குழப்பம் நியாயமானது. பி20 என்றால் 20 சதவீதம் பயோடீசல். மின்னசோட்டா மாநிலத்தில் 2018-இலிருந்து கோடை மாதங்களில் டீசலில் 20 சதவீதம் கலப்பது சட்டம், குளிர்காலத்தில் உறைந்துவிடும் என்பதால் 5-க்குக் குறைத்துவிடுவார்கள். வேன் செய்கிறவர் 5 என்கிறார், மாநிலம் 20 என்கிறது, நடுவில் மாட்டிக்கொள்வது வேன்காரர்.

வாங்குகிற வேனுக்கு வாரண்டி இன்னும் ஓடுகிறதா என்பதை முதலில் கேட்கச் சொல்லுங்கள். ஓடுகிறதென்றால், பி20 மட்டுமே கிடைக்கிற ஊரில் என்ன செய்யச் சொல்கிறார்கள் என்று டீலரிடம் எழுத்தில் பதில் வாங்கிவைக்க வேண்டும். அந்த நாட்டில் 1975-இல் வந்த மேக்னசன் மாஸ் என்ற வாரண்டிச் சட்டம் இருக்கிறது, அதன்படி பயோடீசல் ஊற்றினாய் என்ற ஒரே காரணத்துக்காக மொத்த வாரண்டியையும் தூக்கிவிட முடியாது, அதனால்தான் கெட்டது என்று அவர்கள் காட்ட வேண்டும். ஆனால் இன்ஜெக்டரும் பம்பும் எரிபொருள் தொடுகிற பாகங்கள், அங்கே காட்டுவது அவர்களுக்கு அப்படியொன்றும் கஷ்டமில்லை. கதவு பூட்டு கெட்டால் பயோடீசலைக் காட்டித் தப்பிக்க முடியாது, அவ்வளவுதான் அந்தச் சட்டத்தின் பலம்.

நடைமுறையில் செய்ய வேண்டியவை: மேனுவலில் போட்டிருப்பதைவிடச் சீக்கிரம் ஆயில் மாற்றுவது, டிப் ஸ்டிக்கை அடிக்கடி பார்ப்பது, டேங்கில் பி20 ஊற்றி மாதக்கணக்கில் நிறுத்திவைக்காமல் இருப்பது, நீண்ட பயணம் கிளம்பினால் மாநில எல்லை தாண்டியதும் கலப்புக் குறைந்த டீசலை நிரப்பிக்கொள்வது. அங்கே 5 சதவீதத்துக்கு மேல் கலந்தால் பங்க் பம்பிலேயே லேபிள் ஒட்ட வேண்டும் என்பது விதி, பார்த்துப் போடலாம்.

என் வேனில் இன்ஜெக்டர் போய்விட்டது. வாரண்டி இருக்கிறது. சர்வீஸ் சென்டரில் "டீசலில் கலப்படம், வாரண்டி கிடையாது" என்கிறார்கள். வழக்கமான பங்கில் மட்டும்தான் போடுகிறேன். பெரிய தொகை சொல்கிறார்கள். என்ன செய்வது?
– வாசகர், திருப்பூர்

முதல் வேலை, பணம் கட்டாதீர்கள், வண்டியைப் பிரிக்க விடாதீர்கள். "கலப்படம்" என்று வாயால் சொல்வதை எழுத்தில் கேளுங்கள். எந்தப் பரிசோதனையில் கலப்படம் என்று தெரிந்தது, மாதிரியை யார் எடுத்தார்கள், எந்த ஆய்வகம் என்று மின்னஞ்சலில் கேட்டால், பலபேர் அதோடு குரலைத் தாழ்த்திவிடுவார்கள். டேங்கிலிருந்து மாதிரி எடுப்பதாக இருந்தால் உங்கள் முன்னால் எடுத்து, இரண்டு பாட்டிலில் சீல் வைத்து, ஒன்று உங்களிடம் இருக்க வேண்டும். கழற்றிய இன்ஜெக்டரும் உங்களுடையது, "ஸ்கிராப்பில் போட்டுவிட்டோம்" என்று சொல்ல இடம் கொடுக்காதீர்கள்.

பங்க் பில்கள் இருக்கிறதா? யூ.பி.ஐ.யில் கட்டியிருந்தால் அதுவே தேதியோடு சாட்சி. இனிமேல் சந்தேகம் வந்தால் பங்கிலேயே அடர்த்தி சோதனை கேட்கலாம், ஹைட்ரோமீட்டர் வைத்திருக்க வேண்டும், காட்டவும் வேண்டும், அது உங்கள் உரிமை.

ஒன்றை நேராகக் கேட்டுவிடுகிறேன். வழியில் எங்காவது "பயோடீசல், லிட்டருக்கு இவ்வளவு குறைவு" என்று டேங்கரிலோ குடோனிலோ நிரப்பினீர்களா? லாரிக்காரர்கள் மத்தியில் அந்தப் பழக்கம் உண்டு என்பதால் கேட்கிறேன். அப்படி விற்பது பல நேரம் பயோடீசலே கிடையாது, ஏதோ தொழிற்சாலை எண்ணெய். அப்படி நிரப்பியிருந்தால் உங்கள் வழக்கு பலவீனம், வக்கீலிடமாவது உண்மையைச் சொல்லுங்கள்.

நிரப்பவில்லை என்றால் 1915 தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் முதலில் பதிவு செய்யுங்கள். அதில் நகரவில்லை என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். 2019 சட்டப்படி நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே போடலாம், கம்பெனி தலைமையகம் இருக்கும் ஊருக்கு அலைய வேண்டாம். கொடுத்த விலை 50 லட்சம் வரை மாவட்ட ஆணையம்தான், பிரச்சினை எழுந்து இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும். வேனை வாடகைக்கு விட்டுத் தொழிலாக நடத்துகிறீர்கள் என்றால் "நீ நுகர்வோரே இல்லை" என்று எதிர்த்தரப்பு ஆரம்பிக்கும், அதற்கும் தயாராகப் போங்கள்.

அண்ணா, பழைய பி.எஸ்.4 வேன் வாங்கிக் கட்டலாமா, புது பி.எஸ்.6 எடுக்கலாமா? வீட்டுக்காரர் பழசு என்கிறார், எனக்குப் பயமாக இருக்கிறது. மாதத்துக்கு ஒரு முறை வெளியூர், மற்ற நாளில் மகனை ஸ்கூலில் விடவும் சந்தைக்கும் அதே வண்டிதான்.
– வாசகி, கோபிசெட்டிபாளையம்

அம்மணி, உங்கள் கடைசி வரியில்தான் விடை இருக்கிறது. 2020 ஏப்ரல் 1-க்கு அப்புறம் வந்த பி.எஸ்.6 டீசல் வேன்கள் நெடுஞ்சாலைக்குப் பிறந்தவை. டி.பி.எஃப். சூடாகிக் கரியை எரிக்க ஒரே சீராக இருபது முப்பது நிமிடம் ஓட வேண்டும். ஸ்கூலுக்கு மூன்று கிலோமீட்டர், சந்தைக்கு இரண்டு கிலோமீட்டர் என்று ஓட்டினால் எரிக்க ஆரம்பிப்பதற்குள் நீங்கள் சாவியை அணைத்துவிடுவீர்கள். அப்படியே நாலைந்து முறை ஆனால் விளக்கு எரியும், அப்புறம் இழுவை குறையும், அப்புறம் சர்வீஸ் சென்டர். "டீசல் வண்டி நம்பிக்கையில்லை" என்று திட்டுகிறவர்களில் நிறையப் பேர் இப்படி ஓட்டியவர்கள்தான். சில வண்டிகளில் ஆட்ப்ளூ என்ற யூரியாக் கரைசலும் ஊற்ற வேண்டும், கேனில் யூரியா 32.5 சதவீதம் என்று இருப்பதைப் பார்த்து வாங்குங்கள், உர மூட்டையைக் கரைத்து ஊற்றுகிற கெட்டிக்காரர்கள் சொல்வதைக் கேட்காதீர்கள்.

சந்தைக்கும் ஸ்கூலுக்கும் ஸ்கூட்டர் இருக்கிறதென்றால், வேன் வெளியூருக்கு மட்டும் என்றால், புதுசு எடுங்கள், வாரண்டியோடு நிம்மதி. ஒரே வண்டிதான் எல்லாவற்றுக்கும் என்றால் நல்ல பி.எஸ்.4 வேன் உங்களுக்குப் பொருந்தும், அதில் பெரும்பாலும் இந்த வடிகட்டித் தொல்லை இல்லை, நம் ஊர்ப் பட்டறையிலேயே வேலை பார்ப்பார்கள்.

பழசு வாங்கினால் ஒரு விஷயத்தில் உஷாராக இருங்கள். ஏற்கெனவே கேம்பராகக் கட்டிய வண்டி என்றால் ஆர்.சி.யில் என்ன வகை என்று போட்டிருக்கிறது என்று பாருங்கள். மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆம் பிரிவுப்படி தயாரிப்பாளர் கொடுத்த விவரத்துக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது, மோட்டார் கேரவனுக்கு ஏ.ஐ.எஸ். 124 என்று தனித் தரமே இருக்கிறது. உள்ளே படுக்கையும் சிலிண்டரும், ஆர்.சி.யில் ஆள் ஏற்றும் வேன் என்றால், விபத்து நடந்த அன்றைக்கு இன்சூரன்ஸ்காரர் அதைத்தான் முதலில் எடுத்துப் பேசுவார்.

டீசலிலும் இப்போது எத்தனால் கலக்கிறார்களாமே?
– வாசகர், தாராபுரம்

இல்லை. 20 சதவீத எத்தனால் பெட்ரோலில். டீசலில் கலப்பது பயோடீசல், அதற்கு 2018 உயிரி எரிபொருள் கொள்கையில் 2030-க்குள் 5 சதவீதம் என்று இலக்கு வைத்திருக்கிறார்கள், அதையே இன்னும் எட்டவில்லை. பெட்ரோல் கார்க்காரர் சொல்லும் மைலேஜ் கதையை உங்கள் டீசல் வேனுக்குப் பொருத்திப் பார்க்க வேண்டாம்.

மழைக்காலம் முழுக்க வேன் தோப்பு வீட்டில் நின்றது. இப்போது எடுத்தால் திக்கித் திக்கி ஓடுகிறது. மெக்கானிக் ஃபில்டரைக் கழற்றினால் கறுப்பாக, வழவழவென்று சளி மாதிரி ஒன்று. டீசல் கெட்டுப்போகுமா?
– தென்னை விவசாயி, பொள்ளாச்சி

கெட்டுப்போகும். பாதி டேங்க் காலியாக நின்றால் காற்றின் ஈரம் உள்ளே வியர்த்துத் தண்ணீராக இறங்கும். டீசலுக்கும் தண்ணீருக்கும் நடுவில் பாக்டீரியாவும் பூஞ்சையும் வளரும், நீங்கள் பார்த்த சளி அதுதான். பயோடீசல் ஈரத்தை இன்னும் இழுக்கும், சீக்கிரம் புளிக்கவும் செய்யும், அதனால் கலப்பு அதிகமானால் இந்த வேலையும் அதிகமாகும்.

வெறும் ஃபில்டரை மாற்றிவிட்டு ஓட்டாதீர்கள், அடுத்த வாரமே மறுபடி அடைக்கும். டேங்கை இறக்கிக் கழுவி, ஃபில்டரில் தண்ணீர் தேங்கும் கிண்ணத்தைத் திறந்துவிட்டு, புது டீசல், புது ஃபில்டர். பழைய வண்டி என்றால் டீசல் ரப்பர் குழாய்களையும் விரலால் அமுக்கிப் பாருங்கள், சாதாரண ரப்பரைப் பயோடீசல் ஊறவைத்துத் தளர்த்திவிடும். அடுத்த மழைக்கு முன்னால் டேங்க் நிரம்ப டீசல் போட்டு நிறுத்துங்கள். வாரத்துக்கு ஒரு முறை ஐந்து நிமிடம் ஸ்டார்ட் செய்து வைப்பதால் பேட்டரிக்கும் பெரிய லாபமில்லை, இன்ஜினுக்கும் இல்லை. ஆழியாறு வரைக்கும் ஒரு ஓட்டம் ஓட்டிவிட்டு வாருங்கள்.

வால்பாறையில் ராத்திரி வேனுக்குள் தூங்கும்போது இன்ஜினை ஓடவிட்டு ஏசி போட்டுக்கொள்ளலாமா? அல்லது சின்ன ஜெனரேட்டர் வாங்கலாமா?
– நண்பர்கள் குழு, கோவை

வால்பாறைக்கு ஏசி எதற்கு என்று கேட்கத் தோன்றுகிறது, இருக்கட்டும். இரண்டும் வேண்டாம். 2024 டிசம்பரில் கேரளத்தில் வடகரையில் ரோட்டோரம் நின்ற கேரவனுக்குள் இரண்டு பேர் இறந்து கிடந்தார்கள், ஜெனரேட்டர் புகையில் வந்த கார்பன் மோனாக்சைடு உள்ளே புகுந்ததுதான் காரணம். அதற்கு வாசனையும் இல்லை, நிறமும் இல்லை. இரவெல்லாம் ஓடும் இன்ஜினும் அதே ஆபத்துதான், கூடவே டி.பி.எஃப். கரி பிடிக்கும்.

லித்தியம் பேட்டரி ஒன்றும், ஓடும்போது அதற்குச் சார்ஜ் ஏற்ற டி.சி. சார்ஜரும் போதும். ஆனால் வயரிங்கில் கவனம். கம்பெனி வயரைக் கீறி அதில் முறுக்கி இணைப்பு எடுத்தால், நாளைக்கு சென்சார் ஒன்று கெட்டாலும் "வெளி வேலை பார்த்திருக்கிறீர்கள்" என்று வாரண்டியை மறுக்கக் காரணம் கிடைத்துவிடும். பேட்டரி முனையிலிருந்தே ஃபியூஸ் போட்டுத் தனி வயர் இழுக்கச் சொல்லுங்கள். பாடி கட்டுகிறவர் தரும் உத்தரவாதம் வேறு, வண்டிக் கம்பெனி வாரண்டி வேறு, இரண்டையும் தனித்தனிக் காகிதத்தில் வாங்கிவைத்துக்கொள்ளுங்கள்.

இருபது வருடத்துக்கு முன்னால் காட்டாமணக்கு நட்டால் டீசல் வரும் என்றார்கள். வேலியோரம் நான் நட்டது இன்னும் நிற்கிறது. டீசலைத்தான் காணோம். இப்போது மறுபடி பயோடீசல் என்கிறீர்களே?
– விவசாயி, அவிநாசி

ஐயா, நீங்கள் கேட்கும் கோபம் நியாயம். 2003-இல் திட்டக்குழுவின் அறிக்கை காட்டாமணக்கைத்தான் பெரிதாகத் தூக்கிப் பிடித்தது. தரிசில், தண்ணீரில்லாமல், உரமில்லாமல் காய்க்கும் என்றார்கள். செடி வறட்சியில் சாகாது என்பது உண்மை, காய்க்கும் என்பதுதான் உண்மையாகவில்லை. தண்ணீர் விட்ட இடத்தில்தான் காய்ப்பு வந்தது, தண்ணீர் விடுகிற நிலத்தில் எவன் காட்டாமணக்கு போடுவான், மஞ்சளோ வாழையோ போடமாட்டானா? காய் ஒரே சமயத்தில் பழுக்காது, ஆள் விட்டு விட்டுப் பறிக்க வேண்டும், புண்ணாக்கு விஷம், மாட்டுக்கும் ஆகாது. இன்றைக்குப் பயோடீசல் ஆலைக்குப் போவது பெரும்பாலும் பொரித்த எண்ணெயும் பாமாயில் ஆலைக் கழிவும்தான்.

வேலியில் நிற்பதை வெட்ட வேண்டாம், ஆடு மாடு கடிக்காது என்பதால் வேலிக்கு அது நல்ல செடி. ஆனால் மறுபடி யாராவது எரிபொருள் மரம் என்று நாற்று விற்க வந்தால், விதையை எந்த ஆலை, என்ன விலைக்கு, எத்தனை வருடம் வாங்கும் என்று கையெழுத்துப் போட்ட ஒப்பந்தத்தை முதலில் காட்டச் சொல்லுங்கள்.